மெத்தைக்கடை வாசலில் மூன்று டப்பா

வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் அடுத்தபடியாக நிற்பது அதை ஓட்டியவனின் மூளை என்பது மெக்கானிக்கின் முடிவு. அந்த முடிவை அவர் யாரிடமும் மறைத்து வைத்ததில்லை. கடைக்குப் போன் வந்தால் வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டார்.

"பின்னாடி என்ன வச்சிருக்க?" என்பார்.

"டைல்ஸ் பெட்டிங்க."

"லோடு என்னன்னா கேட்டேன்? ரோட்டுல என்ன வச்சிருக்க? பின்னாடி வர்றவனுக்கு நீ நிக்கிறது எப்படித் தெரியும், கனவு கண்டுட்டு வருவானா?"

மறுமுனையில் இருப்பவர் ஒரு கல் வைத்திருப்பதாகச் சொல்வார். அல்லது மரக்கிளையை ஒடித்துப் போட்டிருப்பதாக. மெக்கானிக் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து அதைப் பார்ப்பார், ஏதோ கெட்ட வாடை அதிலிருந்து வருவதுபோல.

கல் வைக்கிறவர்கள், கிளை ஒடிக்கிறவர்கள், எதுவுமே வைக்காமல் பக்கத்தில் நின்று கைகாட்டுகிறவர்கள் என்று வண்டிக்காரர்களை அவர் வகைவகையாக வெறுத்தார். அதிலும் பேட்டரி போய்விடும் என்று விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல் அவருக்குத் தனிக் காரம். "உசுரு போனாப் பரவால்லையாம், பேட்டரி போகக்கூடாதாம். பேட்டரிய மடியில வச்சுத் தாலாட்டு" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். தொழில் தெரிந்த கை என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். பிடித்துப்போய் யாரும் அவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் தொங்கும் மூன்று சிவப்பு டப்பாக்களின் சத்தம் முதலில் வந்து சேரும், பிறகு அவர் வருவார். வந்ததும் எஞ்சின் பக்கமே திரும்பமாட்டார். டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ரோட்டில் பின்னோக்கி நடப்பார். தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி ஒன்று என்று சாய்கோடாக வைத்துவிட்டு, தோட்டத்தில் உலாவுகிறவர்போலத் திரும்பி வருவார். வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். வேலை முடிந்து, எஞ்சின் ஓடி, கருவிகளை மடித்துக் கட்டிய பிறகுதான் டப்பாக்களை எடுப்பார். அதையும் அவரேதான் எடுப்பார். வேறு யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடுவார்.

"டப்பா மெக்கானிக்" என்று ஊரில் பேர் ஆகிவிட்டது. "டப்பா என் கையில, நீங்க ஓட்டுறதுதான் ஓட்டை" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

கடையின் முன்பாதி அவர் மனைவியின் ஆட்சி. பல்பு, ஃபியூஸ், ஃபேன்பெல்ட், கிளட்ச் கேபிள் என்று சின்னச் சாமான்கள் விற்கிற கவுன்டர். கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு வந்தவளுக்கு அவர் சொந்தக்காரர்களின் பெயர்களைவிட வண்டிப் பாகங்களின் பெயர்கள் சீக்கிரம் மனப்பாடம் ஆயின. பாகங்களாவது உபயோகமானவை. நல்ல வார்த்தை சொல்வதில் அவர் பரம கஞ்சன். அவளும் கடன் வைக்கிற ஆள் இல்லை. ஒருவரையொருவர் நக்கல் அடித்தே அந்தக் குடும்பம் ஓடியது, அதற்கு வேறு எரிபொருள் தேவைப்படவில்லை.

டப்பாக்கள்கூட அவர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தவைதான். பழைய பெயின்ட் டப்பா, காற்றில் உருளாமல் இருக்க அடியில் சிமென்ட், வெளியே சிவப்பு, அதன்மேல் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை. பட்டையை ஒட்டியது அவள். ஒன்று கோணலாகப் போனதற்கு அவர் ஒரு வாரம் பேசினார். சிமென்டைக் குழைத்தது அவர். பதினாலாம் நம்பர் ஸ்பேனரால் குழைத்து, அதை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் முழுக்க "என் ஸ்பேனர எங்க வச்ச?" என்று அவளிடம் பாய்ந்தார். காய்ந்த சிமென்டில் அதன் தலை மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அந்த டப்பாவைக் கொண்டுபோய் அவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்தாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். கல்யாண வாழ்க்கையில் அவள் பெற்ற தெளிவான வெற்றி அது ஒன்றுதான்.

அப்படிப்பட்ட மனிதர், டப்பா வைக்காமல் இருட்டில் ரோட்டில் உட்கார்ந்து கார் மோதிச் செத்தார் என்று போலீஸ் எழுதியது.

ஒரு மெத்தைக்கடை முதலாளியின் டெலிவரி வேன் புறவழிச்சாலையில், வளைவு தாண்டிய இடத்தில் நின்றுபோயிருந்தது. டீசல் குழாயில் காற்று அடைப்பு. முதலாளியேதான் அன்று வண்டியை ஓட்டினார். மெக்கானிக் போனார், சரி செய்தார், எஞ்சின் ஓடியது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் பின்விளக்கு எரியவில்லை என்று பார்த்திருக்கிறார். தன் பையிலிருந்த பல்பை எடுத்து, வேனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மாட்டியிருக்கிறார். அது யாரும் கேட்காத வேலை. வளைவில் வந்த கார் நேராக வந்து மோதியது. சம்பவ இடத்தில் எச்சரிக்கை அடையாளம் எதுவும் இல்லை என்றது போலீஸ் அறிக்கை. "இன்னிக்கு டப்பா எடுத்துட்டு வரலைன்னுதான் சொன்னாருங்க. நான்கூட உட்காராதீங்கன்னேன்" என்றது மெத்தைக்கடைக்காரரின் வாக்குமூலம்.

அதைப் படித்த அன்று அவள் கவுன்டருக்குப் பின்னால் நின்றபடி சிரித்தாள். பல்பு வாங்க வந்த ஒருவர் பயந்து வெளியே போய்விட்டார். ரோட்டில் எப்படி நிற்பதென்று இவருக்கு மெத்தைக்கடைக்காரர் புத்தி சொன்னாராம். பெற்ற தாயே சொல்லத் துணிந்ததில்லை.

விபத்து நடந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஸ்கூட்டர் இருந்தது. டப்பாக்கள் இல்லை. கடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மோதிய காருக்கு ஒரு காப்பீட்டுக் கம்பெனி, நின்ற வேனுக்கு இன்னொரு கம்பெனி. கார் ஓட்டியவன் கண்ணைத் திறந்து ஓட்டியிருக்க வேண்டும் என்றது இது. இருட்டில் விளக்கில்லாமல் நின்றது யார் என்றது அது. பங்காளிகள்போல அடித்துக்கொண்டவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். செத்தவன்மேல் எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்துவிட்டால் மிச்சத்துக்குத்தானே இரண்டு பேரும் சண்டை போட வேண்டும்? வேன் கம்பெனியின் வக்கீல் மழமழவென்று சவரம் செய்த முகம் உடையவர். "இறந்தவருடைய சொந்த அஜாக்கிரதை" என்ற வார்த்தைகளை அவர் சொல்லும்போது வாயில் கற்கண்டு கரைவதுபோல இருக்கும். தொழில் தெரிந்தவரே எச்சரிக்கை வைக்காமல் உட்கார்ந்தார், ஆகவே பாதித் தவறு அவருடையது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அவளுக்கும் ஒரு வக்கீல் இருந்தார். மேசைமேல் கட்டுக்கட்டாகச் செத்தவர்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பேனா மூடியால் காது குடைந்தபடி பேசுகிறவர்.

"பாதியெல்லாம் போட மாட்டாங்கம்மா. மூணுல ஒரு பங்கு போடுவாங்க. ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடியும்."

"எதை ஒத்துக்கணும்?"

"அவர்மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னு."

"என்ன தப்பு?"

"டப்பா வைக்கலைன்னு."

"வச்சாரு."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல."

வக்கீல் காது குடைவதை நிறுத்தி, பேனா மூடியைப் பரிசோதித்தார். அதில் கிடைத்தது அவருக்குத் திருப்தியாக இருந்ததுபோலும்.

கூட வந்திருந்த கொழுந்தன் வெளியே வந்ததும் ஆரம்பித்தான். அண்ணன் இருக்கும்வரை கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். கிரீஸ் வாடை ஒத்துக்கொள்ளாது என்பான்.

"அண்ணி, மூணுல ஒண்ணுதானே? அண்ணன் திரும்பியா வரப்போறாரு?"

"ஊர்ல எல்லாரையும் மூளை இல்லாதவன்னு திட்டினவருப்பா உங்க அண்ணன். கடைசியில அந்தப் பட்டியல்ல அவர் பேரையே எழுதி நான் கையெழுத்துப் போடணுமா?"

"யாரு படிக்கப் போறா அதை?"

"நான் படிப்பேன்."

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அவர்மேல் தவறு இல்லை என்ற வரி. அவர் நல்லவர் என்று யாரும் எழுத வேண்டாம், அதை எழுதினால் அவளே நம்பமாட்டாள்.

இதற்கிடையில் மெத்தைக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். உட்கார்ந்து பேசினால் எதுவும் தீரும் என்று. அவள் போகமாட்டேன் என்றாள். கொழுந்தன் கெஞ்சிக் கூட்டிப் போனான்.

கடைத்தெருவில் இரண்டு மாடிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் பூப்போட்ட மெத்தைகள் சுவர்போல அடுக்கியிருந்தன. வாசலில், சரக்கு இறக்க வேன் வந்து நிற்பதற்கான இடத்தில் வேறு யாரும் வண்டியை விட்டுவிடாதபடி மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

சிவப்பு டப்பாக்கள். ஒன்றில் பட்டை கோணல்.

கொழுந்தன் ஒன்றைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தான். அவள் நின்றாள். குனிந்து உள்ளே பார்த்தாள். மழைத் தண்ணீரும் பீடித் துண்டும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, சிமென்டிலிருந்து, பதினாலாம் நம்பர் ஸ்பேனரின் தலை எட்டிப் பார்த்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் கசந்தது. காட்டிக்கொடுக்கிற சாமானை எரித்திருக்கலாம், குளத்தில் எறிந்திருக்கலாம். ஒரு கொலைகாரனாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பான். இவருக்கு மனசு வரவில்லை. நல்ல டப்பா ஆயிற்றே, சும்மா கிடைத்ததாயிற்றே, வாசலுக்கு ஆகுமே.

"வாங்கம்மா, வாங்க தம்பி" என்று மெத்தைக்கடைக்காரர் இருவரையும் ஒரு மெத்தையின்மேல் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் இருவரும் அமிழ்ந்துபோனார்கள். கால் தரையில் படவில்லை. வியாபாரம் பேச வருகிறவர்களை அவர் அங்கேதான் உட்கார வைப்பார்போல. குளிர்ந்த கலர் சோடா வந்தது. அவள் தொடவில்லை.

"அவரு தங்கமான மனுஷன்மா. நம்ம நேரம் அப்படி. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு நீங்களும் உடம்பைக் கெடுத்துக்கக் கூடாது. ராத்திரி தூக்கம் வருதா உங்களுக்கு?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"வராது. எப்படி வரும்? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்கு நல்ல மெத்தை ஒண்ணு அனுப்பி வைக்கிறேன். என் தங்கச்சிக்குச் செஞ்ச மாதிரி."

"டபுளா சிங்கிளா?" என்றாள் அவள்.

மெத்தைக்கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க இஷ்டம்மா" என்றார் மெதுவாக.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று, மெத்தையிலிருந்து தம் கட்டி எழுந்து வெளியே வந்தாள். டப்பாக்களைத் தொடவில்லை. குனிந்து ஸ்பேனர் தலையைப் போனில் ஒரு படம் எடுத்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் போய் இன்னொன்று எடுத்துக்கொண்டாள், கடையின் பெயர்ப்பலகையும் சேர்ந்து விழும்படி.

"மெத்தையையாவது வாங்கியிருக்கலாம் அண்ணி" என்றான் கொழுந்தன்.

படங்களை வக்கீலிடம் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"டப்பா உங்களுதுதான். சரி. ஆனா ரோட்டுல இருந்துதான் எடுத்தாருன்னு என்ன சாட்சி? ஸ்கூட்டர்லயே இருந்துச்சு, பாதுகாப்பா எடுத்து வச்சேன்னு சொல்லிட்டா?"

"சொல்வான். வாய் கூசாதவன். செத்தவன் ஜேபியில கைவிட்டமாதிரி டப்பாவைத் திருடிட்டுப் போயிட்டு எனக்கு மெத்தை தர்றானாம், திருட்டுப் பய."

வக்கீல் காதிலிருந்து பேனா மூடியை எடுத்தார். முதல்முறையாக அவளை முழுசாகப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"கடைசி வார்த்தைய."

விசாரணை அன்று மெத்தைக்கடைக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கூண்டில் ஏறினார். கம்பெனி வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒப்பித்தார். டப்பா வரவில்லை. உட்காராதீர்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. பாவம், தங்கமான மனுஷன்.

அவள் வக்கீல் எழுந்து படங்களை நீட்டினார்.

"இது உங்க கடை வாசல்தானே? இந்த மூணு டப்பா யாருது?"

"என்னுதுதாங்க. எல்லாக் கடைக்காரங்களும் ஏதாவது வைப்பாங்க."

"ஒண்ணுல ஸ்பேனர் புதைஞ்சிருக்கே. மெத்தை தைக்கிறதுக்கா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மெத்தைக்கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அது... அந்த மெக்கானிக்கோடதா இருக்கலாம். ஞாபகம் இல்ல."

"ஆக, பொணத்துக்கிட்ட இருந்து திருடியிருக்கீங்க."

"என்னங்க பேசுறீங்க?"

"ஆளு செத்துக் கிடக்கிறாரு. அவரு சாமானைத் தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல வச்சிருக்கீங்க. பெரிய கடை, மூணு பெயின்ட் டப்பாவுக்கு இவ்வளவு ஆசையா? இதுக்குத் திருட்டுன்னு பேர் இல்லாம வேற என்ன பேரு?"

மெத்தைக்கடைக்காரரின் முகம் சிவந்தது. ஒரு மனிதனின் சாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பஞ்சுபோல இருந்த முகம் அது.

"ஐயா, வார்த்தைய அளந்து பேசச் சொல்லுங்க! எங்கப்பா காலத்துக் கடை. ஒரு நூல்கண்டு திருடினோம்னு எவனும் எங்களைச் சொன்னது கிடையாது. பொணத்துக்கிட்ட எடுத்தேனாம்! அந்த ஆளு உசுரோட இருக்கும்போதுதான் எடுத்தேன்!"

கம்பெனி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். "எப்ப எடுத்தீங்க?"

"வண்டி ஸ்டார்ட் ஆனதுங்க. கிளம்பப் போறோமேன்னு நானே நடந்து போய் மூணையும் எடுத்து உள்ள போட்டேன். உதவியாத்தாங்க. இதுவா திருட்டு?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்த்தார். பார்த்து என்ன? திரும்பிப்போக வழி இல்லை.

"அப்ப அவர் எங்க இருந்தாரு?"

"பின்னாடி. பல்பு மாட்டிக்கிட்டு."

"டப்பாவை எடுத்தீங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

"ரோட்டுக்கு முதுகக் காட்டி உட்கார்ந்திருந்தாரு. திட்டிக்கிட்டே இருந்தாருங்க."

"என்னன்னு?"

மெத்தைக்கடைக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்லும்படி நீதிபதி சொன்னார்.

"ஒரு பல்பு வாங்கத் துப்பில்லாதவனெல்லாம் எதுக்குய்யா வண்டி வச்சிருக்கன்னு."

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். கொழுந்தன் அவள் அழுவதாக நினைத்து முதுகில் தட்டினான். அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. எந்த வார்த்தையில் அழுத்தி, எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சியிருப்பார் என்பதுவரை கேட்டது. அவர் கடைசியாகப் பேசியதை இத்தனை மாதமாக இந்த ஆள் அல்லவா வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, தங்கமான மனுஷன் என்று சொல்லித் திரிந்திருக்கிறான்.

தீர்ப்பு நாளில் நீதிபதி பஸ் நேரம் வாசிப்பதுபோல வாசித்தார். எரியாத பின்விளக்கோடு நின்றதும், வேலை முடியும் முன் எச்சரிக்கையை அகற்றியதும் வேன்காரரின் தவறு, அது பெரிய பங்கு. வளைவில் வேகம் குறைக்காதது கார்க்காரரின் தவறு. இறந்தவர்மேல் தவறு எதுவும் இல்லை. கொழுந்தன் பங்குகளை மனக்கணக்குப் போட ஆரம்பித்தான். அவள் வக்கீலிடம் கடைசி வரியை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னார். அவருக்கு அடுத்த கேஸ் காத்துக்கொண்டிருந்தது.

சான்றுப் பொருளாகக் கொண்டுவரச் சொல்லியிருந்த டப்பாக்களைக் கேட்டுக் கோர்ட் ஆபீஸுக்குப் போனாள். குமாஸ்தா தலை நிமிரவில்லை.

"அப்பீல் காலம் முடியணும்மா. அதுவரைக்கும் பத்திரமா இருக்கும்."

ஒன்று எவ்வளவு பத்திரமாக இருந்தது என்றால், அவர் அறைக்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள். ஸ்பேனர் டப்பா.

"நல்லா நிக்குதா கதவு?" என்று கேட்டாள்.

"ஜம்முன்னு நிக்குது. நல்ல கனம்" என்றார் குமாஸ்தா, கேலி புரியாமல்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் மெத்தைக்கடை வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. மோதலில் நசுங்கிய பின்கதவைக் கம்பெனி செலவில் புதிதாக மாற்றி, பளபளவென்று பெயின்ட் அடித்து, தூங்கும் குழந்தை படம்கூட வரைந்திருந்தார்கள். கேட் அருகே ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வலது பக்கம் சிவப்பாக எரிந்தது. இடது பக்கம் இருட்டு.

அவள் அப்படியே நின்று பார்த்தாள். ஆள் செத்து, கேஸ் நடந்து, தீர்ப்பும் வந்தாயிற்று. பல்பு வரவில்லை.

"வாங்க அண்ணி, ஆட்டோ வந்துருச்சு" என்றான் கொழுந்தன்.

அவள் ஆட்டோ பக்கம் போகவில்லை. விடுவிடுவென்று வேனுக்குப் பின்னால் போய், தூங்கும் குழந்தையின் முகத்தில் கையால் ஓங்கித் தட்டினாள். வேன் நின்றது. கோர்ட் வாசலில் இருந்த வக்கீல்கள், கட்சிக்காரர்கள், டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒரு பல்பு வாங்கத் துப்பில்லாதவனெல்லாம் எதுக்குய்யா வண்டி வச்சிருக்க?"

கொழுந்தன் யாரோபோல இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டான். முன்சீட்டில் மெத்தைக்கடைக்காரர் திரும்பிப் பார்க்காமல் கண்ணாடியை ஏற்றினார்.